அட்மிஷன் ரிஜிஸ்டரில் பிறந்தவர்கள்

டீச்சரிடம் கேளுங்கள்

(பாலக்காட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து, பின்னர் அதே பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் ஆசிரியையாக இருந்து, 2013இல் ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்கு எழுதும் பதில்கள். இம்முறை பள்ளிக்கூடங்களைப் பற்றி வந்த கடிதங்கள்.)

டீச்சர், நான் உங்களிடம் தமிழ் டிவிஷனில், அதாவது தமிழ் மீடிய வகுப்பில், படித்தவன். நம் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு மலர் வெளியிடுகிறோம். பள்ளி வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மந்திரியின் வாழ்த்துச் செய்தி, தலைமையாசிரியர்களின் படங்கள், புகழ் பெற்ற முன்னாள் மாணவர் பட்டியல் எல்லாம் வாங்கிவிட்டேன். வரலாறு மட்டும் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
*முன்னாள் மாணவர், ஒலவக்கோடு*

உன் கடிதத்தில் ஆறு இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

நீ சேர்த்து வைத்திருப்பது எல்லாம் சுவரில் மாட்டியிருப்பவை. வரலாறு அங்கே இல்லை. அலுவலக அறையில் கிளார்க்கின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறதே, கதவைத் திறந்தால் கிறீச்சிடுமே, அதன் கீழ்த்தட்டில் இருக்கிறது. அட்மிஷன் ரிஜிஸ்டர். வருகைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகள் கழித்து அழித்துவிடலாம். இதை அழிக்கக் கூடாது. அதனால்தான் கூரை ஒழுகிய காலத்திலும் அந்த அலமாரிக்கு மேல் மட்டும் தார்ப்பாய் போட்டிருந்தோம்.

சில ஆண்டுகள் அட்மிஷன் வேலை என் பொறுப்பில் இருந்தது. மத்தியான இடைவேளையில் பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வரிசை எண், பெயர், பாதுகாவலர், அவருடைய தொழில், ஊர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, விலகிய நாள், விலகிய காரணம். நீ படிக்க வேண்டியது தொழில் என்ற கட்டத்தை. பாலக்காடு மலபாரில், மலபார் மதராஸ் மாகாணத்தில் இருந்த காலத்துப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். கட்டை நிப்புப் பேனாவில் சாய்த்து எழுதியவை. கூலி, வியாபாரம், நெசவு, கோயில் வேலை. கேரளம் பிறந்த பிறகு மெதுவாக மலையாளம் வருகிறது: கச்சவடம் (வியாபாரம்), கிருஷி (விவசாயம்).

1956இல் ஒலவக்கோட்டில் ரயில்வே கோட்டம் அமைந்தது. கேரளம் பிறந்ததும் அதே ஆண்டுதான். சொந்த ஊரே ஒலவக்கோடு என்பதால் இது உனக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு ரிஜிஸ்டரின் முகமே மாறிவிட்டது. ஃபயர்மேன், கார்டு, பாயின்ட்ஸ்மேன், கலாசி. முன்பு படித்த பள்ளி: போத்தனூர், ஈரோடு, ஜோலார்பேட்டை. சேர்ந்த தேதி ஜூனில் இருக்காது. அக்டோபரில் இருக்கும், ஜனவரியில் இருக்கும். அப்பாவின் மாற்றல் உத்தரவுக்குப் பள்ளித் திறப்பு நாள் தெரியுமா? நடுவருஷத்தில் டி.சி.யும் கையுமாக வந்து நின்ற இந்தப் பிள்ளைகள்தான் நம் தமிழ் டிவிஷனைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தார்கள். எந்த மலரிலும் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

அதே பக்கத்தில் மேலும் கீழுமாகப் பார். கல்பாத்தி அக்கிரகாரத்துப் பையன், ராவுத்தர் வீட்டுப் பையன், கிழக்கேயிருந்து வந்த கவுண்டர் வீட்டுப் பையன், நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மகள். எல்லார் வீட்டிலும் தமிழ்தான். ஒருவன் அப்பா என்பான், ஒருவன் அத்தா என்பான், இன்னொருவன் ஐயன் என்பான். ஒருவன் வாய் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் ஒழுங்காகத் 'தந்தை' என்று எழுதிவைப்பார்கள். தமிழ் டிவிஷன் என்றால் ஏதோ ஒரே கூட்டம் என்று மலையாள மீடியத்துக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது பிறந்த தேதிக் கட்டம். பக்கத்துக்குப் பக்கம் மே மாதம். மே 10, மே 15, மே 20, மே 30. நம் ஊரில் பெண்கள் மே மாதத்தில் மட்டுமே பிள்ளை பெற்றார்களா என்ன! அப்போதெல்லாம் ஜூன் தொடக்கத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முடியாத பிள்ளையை ஹெச்.எம். நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்; மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்தத் தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போகும், அங்கிருந்து சர்வீஸ் புத்தகத்துக்குப் போகும். ஆண்டுதோறும் மே 31 அன்று கேரளத்தில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்களே, அந்தச் செய்தியின் வேர் ஏதோ ஒரு பள்ளியின் இரும்பு அலமாரியில்தான் இருக்கிறது. என் தேதி மே 25. நான் ஐப்பசி அடைமழையில், வீடு ஒழுக ஒழுகப் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். ஆகவே நானும் ஹெச்.எம். பெற்ற பிள்ளைதான். அவர் புண்ணியத்தில் சில மாதச் சம்பளம் எனக்கு நஷ்டம்.

கடைசிக் கட்டத்தையும் விடாதே. விலகிய காரணம் என்ற இடத்தில் 'நீண்ட நாள் வராமை' என்று எழுதியிருக்கும். எட்டாம் வகுப்புப் பெண்களின் பெயருக்கு எதிரே அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார். எண்ணிவிட்டு எனக்கு எழுது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்து ஆண்டுக்கு ஒரு பக்கம் வீதம் எடுத்துக்கொள். பெயர்களை விட்டுவிடு, சாதி எழுதிய கட்டத்தை அச்சில் கொண்டுவராதே. தொழிலும் ஊரும் முந்தின பள்ளியும் போதும். ஹெச்.எம்.மிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. மந்திரியின் வாழ்த்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளு. அவர் எப்படியும் படிக்கப் போவதில்லை.

தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனும் டெல்லி மெட்ரோ ரயிலை அமைத்த 'மெட்ரோ' ஸ்ரீதரனும் பாலக்காட்டில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்கிறார்களே, உண்மையா?
*வாசகர், கோவை*

உண்மை. இருவரும் 1932இல் பிறந்தவர்கள். 1858இல் தொடங்கிய பாசல் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு விக்டோரியா கல்லூரியிலும் ஒன்றாகப் படித்தார்கள். அது எங்கள் பள்ளி அல்ல. அந்தப் பள்ளிக்காரர்கள் இந்த இரண்டு பெயரையும் சொல்லாமல் ஒரு பேச்சையும் தொடங்க மாட்டார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

நான் சித்தூர்க்காரன். ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய அரசாணைகளைத் தேடுகிறேன். பாலக்காட்டு நண்பர்கள் கோழிக்கோட்டுக்குப் போ என்கிறார்கள். சரியா?
*வாசகர், சித்தூர்*

தவறு. பாலக்காட்டுக்காரர்களுக்கு எப்போதும் தங்கள் ஊரே மாவட்டம் முழுவதும் என்ற நினைப்பு. நானும் பாலக்காட்டுக்காரிதான்; ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாலக்காடு ஆங்கிலேயரின் மலபார். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். நடுவில் இரண்டு அரசாங்கம். 1949இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்த பிறகும் நாங்கள் மதராஸில்தான் இருந்தோம். 1956 நவம்பர் 1இல்தான் ஒரே மாநிலத்துக்கு வந்து சேர்ந்தோம்; 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் பிறந்தது. ஆகவே மகாராஜா காலத்துத் தாள்களைத் தேடி நீங்கள் எர்ணாகுளம் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். கோழிக்கோடு எங்களுக்கு. மாகாண அரசின் ஆணைகள் வேண்டுமென்றால் நாங்கள் சென்னை எழும்பூர் வரைக்கும்கூட ரயில் ஏற வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாடு வெறும் காகிதத்தில் மட்டும் இல்லை. 1866இல் பாலக்காடு நகரசபையானது. அதே ஆண்டு 'ரேட் ஸ்கூல்' ஒன்றும் தொடங்கியது. ரேட் என்றால் வரி. ஊரில் வீடும் கடையும் வைத்திருந்தவர்களின் வரிப்பணத்தில் நடக்க வேண்டிய பள்ளி. அதுதான் வளர்ந்து 1888இல் கல்லூரியாகி விக்டோரியா ஆயிற்று. வரி கட்டியவன் பள்ளியைக் கேள்வி கேட்பான். உங்கள் ஊரில் கேள்வியெல்லாம் மனுவாக அரண்மனைக்குப் போக வேண்டும். ஆனால் ஒன்றில் உங்களை மெச்ச வேண்டும்: 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் இன்றும் தமிழில் பட்டம் வாங்கலாம்.

சித்தூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்குமே, கொங்கு நாட்டுப் படையை விரட்டியடித்ததன் நினைவாக. சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் ஆண்டு தவறாமல் அதற்கு லீவு கேட்பான். "யார் தோற்றார்கள் தெரியுமா?" என்று கேட்டேன். "கொங்கன், டீச்சர்." "நீ யார்?" ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் சித்தூர், டீச்சர்." லீவு கொடுத்துவிட்டேன்.

என் மகளை ஐந்தாம் வகுப்பில் தமிழ் மீடியத்தில் சேர்க்க ஆசை. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். என் கணவர் "தமிழ் படித்துக் கேரளத்தில் என்ன செய்வாள்?" என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
*வாசகி, கொழிஞ்சாம்பாறை*

அம்மா, நான் சொன்னால் கேட்கும் கணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு வரை தமிழிலேயே படிக்கலாம், எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் வரும். அதுவரை பயமில்லை. பிளஸ் ஒன்னில்தான் கிணற்றில் விழுவது போல ஆங்கிலத்தில் விழ வேண்டும். நேற்று வரை விசையும் திசைவேகமும் படித்த பிள்ளை முதல் மூன்று மாதம் வாயே திறக்காது. ஓணத் தேர்வில் மதிப்பெண் போகும். கிறிஸ்துமஸ் தேர்வில் பாதி திரும்பும். அந்த மூன்று மாதம் நீங்கள் அவளைத் திட்டாமல் இருந்தால் தேறிவிடுவாள். என் பிள்ளைகள் பலர் தேறினார்கள். சிலர் அந்த மூன்று மாதத்திலேயே படிப்பை விட்டுவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

வேலையைப் பற்றி உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கேரள பி.எஸ்.சி.யில் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே தனியாகக் கிளார்க் பணியிடங்கள் அறிவிக்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது கிடைக்காது. மலையாளம் மட்டும் தெரிந்தவருக்கும் கிடைக்காது. ஆகவே தமிழ் மீடியம் என்பதற்காக மலையாளத்தை அலட்சியம் செய்ய விடாதீர்கள். தப்பில்லாமல் எழுதப் பழக்குங்கள்.

ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளிக்கு நேரில் போய், தமிழ் மீடியத்துக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பது யார் என்று கேளுங்கள். ஆசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். "வருவார்", "கேட்டிருக்கிறோம்" என்ற பதில் கிடைத்தால் யோசியுங்கள். தமிழ்ப் பாடப்புத்தகம் வந்து சேராமல் பொள்ளாச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் புத்தகத்தை வரவழைத்து, அதில் எந்தப் பாடம் எங்கள் பாடத்தோடு ஒத்துப்போகிறது என்று தேடித் தேடி நடத்திய ஆண்டும் எனக்கு உண்டு. அப்படியொரு நிலைமை என்றால் மலையாள மீடியத்தில் சேர்த்து, தமிழை முதல் மொழியாக எடுக்க வையுங்கள். தமிழ் மீது உள்ள ஆசைக்காகப் பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் போகக் கூடாது. தமிழ் ஆசிரியை இப்படிச் சொல்லலாமா என்று கடிதம் எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

சேர்ப்பதென்று முடிவு செய்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் பள்ளி திறந்த அன்றே சேருங்கள். கேரளத்தில் இப்போது ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளின் எண்ணிக்கையை எடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கைதான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்பதை முடிவு செய்யும். ஏழாவது நாள் வரும் பிள்ளைக்குப் படிப்பு உண்டு. கணக்கில் இடம் இல்லை. என் காலத்தில் அதிகாரியே நேரில் வந்து வகுப்பு வகுப்பாக எண்ணுவார். ஒரு ஜூனில் ஐந்தாம் வகுப்புத் தமிழ் டிவிஷனுக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். அக்காள், தங்கை, இருவரும் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தார்கள். தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கல்யாண வீட்டின் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து கெஞ்சினேன். மறுநாள் காலை மீட்டர் கேஜ் வண்டியில் தாய்மாமன் இருவரையும் கொண்டுவந்து இறக்கினார். பட்டுப் பாவாடை, கையில் மருதாணி, தூக்கக் கலக்கம். அதிகாரி சின்னவளைப் பார்த்து, "யூனிபார்ம் எங்கே?" என்றார். "யூனிபார்ம் வரவில்லை சார், ஆள் வந்திருக்கிறாள்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு நான்கு பேர் குறைந்தார்கள். ஊரில் கல்யாணம் எதுவும் இல்லை. அந்த டிவிஷன் போயிற்று.

1956இல் பாலக்காடு தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்க வேண்டியது. இழந்துவிட்டோமே என்ற வருத்தம் உங்களுக்கு இல்லையா?
*வாசகர், சேலம்*

அந்த ஆண்டு பெரிய வழக்கு தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் தெற்கே கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களுக்கும்தான். தெற்கு வந்தது, மலை வரவில்லை. பாலக்காட்டுக்காக யாரும் சேலத்தில் கடை அடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் அடுத்த ஆண்டுதான் பிறந்தேன்; ரிஜிஸ்டர்படி மே மாதத்தில்.

எனக்கு வருத்தம் வேறு. தமிழர்களும் கன்னடர்களும் மாநில அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று 1969இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஓய்வூதியம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்துக்கு அழகான தமிழில் மனு எழுதினேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். பதில் உடனே வந்தது, மலையாளத்தில். பிரித்துப் படித்தேன், வேலை நடந்திருந்தது. கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் இன்னும் அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் (கலை விழாவில்) தமிழுக்கு இடம் உண்டா?
*வாசகி, உடுமலைப்பேட்டை*

உண்டு. 1957இல் எர்ணாகுளத்தில் சிறிய அளவில் தொடங்கிய விழா. இன்று ஊரையே நிரப்பிவிடுகிறது. தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலும் அதில் ஒரு போட்டி. ஓர் ஆண்டு துணை மாவட்ட அளவில் என் தமிழ் டிவிஷன் மாணவியைத் தோற்கடித்து, எங்கள் பள்ளி மலையாள மீடியத்துப் பெண்ணே முதல் பரிசு வாங்கிவிட்டாள். பாரதியாரின் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தாள். ழகரம் அவ்வளவு சுத்தம்! வாழைப்பழத்தை வாயில் போட்டு மெல்லும் என் தமிழ்ப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

என் அத்தா 1950 வாக்கில் உங்கள் பள்ளியில் மூன்றாம் பாரம் வரை படித்ததாகச் சொல்கிறார். சொந்த ஊர் புதுநகரம். இப்போது 88 வயது. அங்கே படித்ததற்கு ஒரு தாள் வாங்கி வா என்கிறார். எதற்கு என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். எப்படி வாங்குவது?
*வாசகர், திருப்பூர்*

எதற்கு என்று கேட்காதீர்கள். வாங்கிக் கொடுங்கள்.

வெள்ளைத் தாளில் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம், அட்மிஷன் ரிஜிஸ்டரிலிருந்து பதிவின் நகல் வேண்டும் என்று. அத்தாவின் பெயரை மட்டும் நம்பித் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ராவுத்தர் என்ற ஒரே சொல்லை நான்கு விதமாக எழுதியிருப்பதை ஒரே ரிஜிஸ்டரில் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தாத்தாவின் பெயர், ஊர், அவர் செய்த தொழில், சேர்ந்த ஆண்டு, இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். ஊரையும் தொழிலையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகள் பார்க்க வேண்டும். மூன்றாம் பாரம் என்பது இன்றைய எட்டாம் வகுப்பு. இதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போதைய கிளார்க்குகளுக்குப் பாரம் என்றால் சுமைதான் தெரியும்.

ஜூனில் போகாதீர்கள். அந்த மாதம் அவர்கள் தலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். உங்களை ஏறிட்டுப் பார்க்கவும் நேரம் இருக்காது. ஆகஸ்ட் தொடக்கத்தில், ஓணத் தேர்வுக்கு முன், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். முடிந்தால் அத்தாவையும் கூட்டிச் செல்லுங்கள். அலுவலகம் தரைத் தளத்தில்தான், இரண்டே படி. உள்ளே வெளிச்சம் போதாது. ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். அந்தக் காலத்து மை பழுப்பேறிப் போயிருக்கும். அத்தாவின் மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.